கண்ணை மூடிச் சொன்னால் தூஷணம் இல்லை

அன்றைக்கு ஏசினது நான் என்றால் ஊரில் ஒருவருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்காது. என் வாய் அப்படி. குழாயடிக்கு நான் குடத்தோடு போனால், பூங்கனியக்கா வருகிறாள் என்று வரிசையில் இடம் விடுகிறவர்கள் உண்டு. ஏசினது என் தங்கை ஞானசெல்வி. கடியப்பட்டணத்திலிருந்து வருகிற மீன்காரியிடம் பேரம் பேசக்கூடக் கூச்சப்பட்டு, சொன்ன விலைக்குச் சாளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறவள் அவள். அவள் வாயிலிருந்து அப்படி நான்கு வார்த்தை வந்தது என்றால், அதை வரவழைத்தவளைத்தானே விசாரித்திருக்க வேண்டும்? எங்கள் சபை அப்படிச் செய்யவில்லை.

செல்வியின் வீட்டுக்காரர் ஞானதாசன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரே மகள் லிஜா, நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு இடம் அமைந்தது. பையன் பெயர் ஸ்டெனி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், தணிந்த பேச்சு, லிஜாவுக்கும் பிடித்திருந்தது. நிச்சயம் முடிந்து மண்டபமும் பேசியாகிவிட்டது. கோவிலில் ஓலை வாசிப்பது ஒன்றுதான் பாக்கி. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை உண்டானால் தெரிவியுங்கள் என்று ஞாயிறு ஆராதனையில் போதகர் மூன்று வாரம் அறிவிப்பதைத்தான் நாங்கள் ஓலை என்போம். மூன்று ஓலையும் வாசிக்காமல் எங்கள் கோவிலில் தாலி கட்ட முடியாது.

வியாழக்கிழமைதோறும் பெண்களுக்கு வீட்டு ஜெபம் உண்டு. வாரம் ஒரு வீடு. பாய் விரித்து, டேபிள் ஃபேனை மூலையில் வைத்து, பதினைந்து இருபது பேர் உட்காருவோம். பாட்டு, வேத வாசிப்பு, அப்புறம் ஜெபக் குறிப்பு. யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்வது அது. இன்னாருக்குச் சுகர் குறைய வேண்டும், இன்னார் மகனுக்கு விசா கிடைக்க வேண்டும். கேட்க அன்பாகத்தான் இருக்கும். ஆனால் எந்த வீட்டுப் பையன் குடிக்கிறான், எந்த மருமகள் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிய வருவதும் அங்கேதான். அதையே மதில் பக்கத்தில் நின்று பேசினால் புரளி என்பார்கள். ஜெபக் குறிப்பாகச் சொன்னால் பாரம். “அந்தப் பிள்ளைக்காக எனக்கு ஒரு பாரம் உண்டு கேட்டியளா” என்று ஜெயபாய் ஆரம்பித்தால் எல்லோரும் பாயில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவோம். நானுந்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஜெயபாய் எங்கள் சபைச் செயலர் ஜாஸ்பரின் மனைவி. போதகர்கள் சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். ஜாஸ்பர் மாறவேமாட்டார். கோவில் சாவி, கமிட்டி, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம், எல்லாம் அவர் சொன்னபடிதான். போன வருடம் தங்கள் மகன் எட்சனுக்கு லிஜாவைக் கேட்டு ஜெயபாய் ஆள் அனுப்பினாள். எட்சன் எந்த வேலையிலும் சேர்ந்து ஒழுங்காக நின்றதில்லை. லிஜா வேண்டாம் என்றுவிட்டாள். “கர்த்தருக்க சித்தம் அதுன்னா சரி” என்று ஜெயபாய் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் அப்போதே நம்பவில்லை.

அந்த வியாழக்கிழமை ஜெபம் செல்வி வீட்டில். கல்யாணம் வருகிறதே, வீட்டில் நாலு பேர் வந்து ஜெபிக்கட்டும் என்று அவளே முறை கேட்டு வாங்கியிருந்தாள். காலையிலிருந்து தரை துடைத்து, ஏத்தம்பழம் பொரித்து, சுக்குக் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். லிஜா டூட்டிக்குப் போயிருந்தாள். கடைசி ஜெபத்தை ஜெயபாய் எடுத்தாள். மற்ற நேரம் எங்களைப் போலத்தான் பேசுவாள். கண்ணை மூடினால் சுத்தமான வேதாகமத் தமிழ்.

“அன்பின் பரம பிதாவே, எங்கள் திருச்சபையின் வாலிபப் பெண்பிள்ளைகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். வழிவிலகிப் போகிற ஒரு மகளுக்காக விசேஷமாய் மன்றாடுகிறோம்.”

“ஆமென்” என்றோம்.

“இரவு வேளையிலே அந்நிய வாலிபனுடைய வாகனத்தில் ஏறி வருகிற அந்த மகளின் கண்களைத் திறந்தருளும் ஆண்டவரே.”

“ஆமென்!”

இந்த ஆமெனை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது செல்வி. அடுத்த தெருவில் ஜினி என்று ஒரு பிள்ளை, கல்லூரியில் படிக்கிறாள். யாருடைய பைக்கிலோ பார்த்ததாக அதற்கு முந்தின மாதம் ஒரு பேச்சு இருந்தது. ஜெபம் அவளுக்கு என்று செல்வி நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கென்று தெரியாமல், அடுத்தவர் மகளுக்கு ஆமென் சொல்வது எங்களுக்குப் பழகிப்போன காரியம்.

“நோயாளிகளுக்குச் சேவை செய்கிற கரங்கள் கறைபடாதபடி காத்துக்கொள்ளும் பிதாவே. ஒன்றும் அறியாமல் அவளுக்கு மாலையிடக் காத்திருக்கிற குடும்பத்தாருக்கு நீரே சத்தியத்தை வெளிப்படுத்தும்.”

இதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை. நான் கண்ணைத் திறந்தேன். எல்லோரும் திறந்திருந்தார்கள். எல்லோரும் செல்வியைத்தான் பார்த்தார்கள். ஜெயபாய் மட்டும் கண்ணை மூடியபடி இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

செல்வி பாயிலிருந்து எழுந்து நின்றாள்.

“ஏட்டி ஜெயபாய், நிறுத்து. இது ஜெபமா? சாக்கடை. எனக்க வீட்டுக்குள்ள வந்து சாக்கடையத் தொறந்து விட்டுட்டு, என்னையே ஆமென் போட வச்சியேட்டி! ஒனக்க நாக்கு அழுவிப் போவும். வெளிய போ.”

அவ்வளவுதான் பேசினாள். நானாக இருந்தால் அது முன்னுரை. ஜெயபாய் கண்ணைத் திறந்து, பைபிளை எடுத்து மடியில் வைத்து, “ஜெபத்த சாக்கடன்னுட்டா, எல்லாரும் கேட்டியளா?” என்று அமைதியாகக் கேட்டாள். பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாகச் செருப்பைத் தேடினார்கள். பொரித்த பழம் அப்படியே தட்டில் இருந்தது. ஒருத்தி மட்டும் இரண்டைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு போனாள்.

லிஜாவின் பைக் விவகாரம் என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சாயங்கால டூட்டி முடிய ஒன்பது தாண்டிவிடும். எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் அதற்கு முன்பே போய்விடும். அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற விபின் என்ற பையனுக்கு மயிலாடிப் பக்கம் வீடு. போகிற வழியில் அவளை இறக்கிவிட்டுப் போவான். அதற்கு மேல் அங்கே ஒன்றும் கிடையாது. நான் அவளிடம் நேரே கேட்டேன், அவள் நேரே சொன்னாள். ஆனால் அவள் வீட்டு வாசலில் இறங்கமாட்டாள், கோவில் திருப்பத்திலேயே இறங்கி நடந்து வருவாள். “வாசல்ல எறங்குனா ஊரு பேசும் பெரியம்மா” என்றாள். திருப்பத்தில் இறங்கினால் மட்டும் ஊர் சும்மா இருக்குமா? கோவில் திருப்பத்துக்கு எதிர்வீடு ஜாஸ்பர் வீடு.

செல்விக்கு ஞாயிறன்று காலையிலேயே நோட்டீஸ் வந்தது. வீட்டு ஜெபத்தில் ‘தூஷணம்’ பேசியதற்காகச் சபை ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும், ஆராதனைக்குப் பிறகு கமிட்டி அறைக்கு வரவும். அது தீரும்வரை அந்தக் குடும்பத்துக்குத் திருவிருந்து, ஞானஸ்நானம், திருமண ஓலை முதலியவை நிறுத்திவைக்கப்படும்.

தூஷணம். நான் அந்த வார்த்தையை இரண்டு தடவை வாசித்தேன். ஒருத்தியை ஒருத்தி திட்டுவதற்கு எங்கள் ஊரில் எத்தனையோ வார்த்தை உண்டு. குழாயடியில் நடப்பது ஏச்சு. முதுகுக்குப் பின்னால் நடப்பது புறணி. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பேசுவது குறை. இவற்றை எல்லாம் நாங்கள் செய்கிறோம், செய்துவிட்டு மறுநாள் அதே குழாயடியில் ஒருத்தி குடத்தை இன்னொருத்தி தூக்கிவிடவும் செய்கிறோம். தூஷணத்தை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அது வேதாகமத்தில் இருக்கிற வார்த்தை. கடவுளைப் பழித்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்றார்களே, அவர்கள்மேல் சொன்ன குற்றம் அது. எங்கள் வார்த்தை எல்லாம் வீட்டு உடுப்பில் திரியும்போது அது மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. செல்வி அதைப் பார்த்த மாத்திரத்தில் பயந்துவிட்டாள்.

“அக்கா, நான் தேவதூஷணமா செஞ்சேன்?” என்று கேட்டாள்.

“நீ ஜெயபாய ஏசுன. ஜெயபாய் என்னைக்குக் கடவுள் ஆனா?”

அவள் சிரிக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டுதான் கமிட்டி அறைக்குப் போனாள். ஜாஸ்பர் இருந்தார், கமிட்டிக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள், மேசைக்குப் பின்னால் போதகர். சின்ன வயசுக்காரர், வந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது, பேசும் முன் ஜாஸ்பர் முகத்தைப் பார்த்துக்கொள்வார். நான் அவரிடம்தான் கேட்டேன்.

“ஐயா, தூஷணம்னா என்னது? எங்களுக்குத் தெரியாது, சொல்லித் தாருங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஒருவருடைய நற்பெயர் கெடும்படி இழிவாகப் பேசுவது. தேவனைக் குறித்தோ, தேவ காரியங்களைக் குறித்தோ அப்படிப் பேசினால் அது இன்னும் பெரிய பாவம்.”

“சரி. அப்போ எங்க பிள்ளைக்க பேரு கெடும்படி ஜெயபாய் பேசுனது என்னது?”

“அது ஜெபம்” என்றார் ஜாஸ்பர்.

“ஜெபத்துல பேசுனா பேரு கெடாதா?”

“ஜெபம் கடவுள்ட்ட பேசுதது. மனுசன்ட்ட பேசுனாத்தான் தூஷணம். நீங்க பக்கத்துல இருந்து கேட்டதுக்கு அவ என்ன செய்வா?”

இதைச் சொல்லும்போது அந்த ஆளின் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. நான் போதகரைப் பார்த்தேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன், செல்வி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“பின்ன ஒரு காரியம் கேளுங்க” என்று ஜாஸ்பர் தொடர்ந்தார். “எனக்க வீட்டுக்காரி பேரு சொன்னாளா? இல்ல. ஊரு சொன்னாளா? இல்ல. பொதுவா ஒரு மகளுக்குன்னு ஜெபிச்சா. அத இவ தனக்க மகளுக்குன்னு எடுத்தா. ஏன் எடுத்தா? அதுவும் ரெண்டு ஆமென் சொன்ன பெறவு! அங்க இருந்த யாருக்காவது அது லிஜான்னு தோணிச்சுன்னா, இவ எந்திச்சதுனாலதான் தோணிச்சு.”

கமிட்டிக்காரர் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கலாம் என்று தேடினேன், அந்த நேரத்துக்குக் கிடைக்கவில்லை. குத்தினவன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, நீ ஏன் கத்தினாய், கத்தினதால்தானே குத்து விழுந்தது ஊருக்குத் தெரிந்தது என்று கேட்கிறான். அதற்குத் தலையாட்ட இரண்டு பேர்.

செல்வி மெதுவாகக் கேட்டாள். “ஐயா, நான் ஜெயபாய்ட்ட வீட்டுல போயி மன்னிப்பு கேட்டுருகேன். ஓலைய வாசிச்சிருங்க.”

“சபைக்குள்ள நடந்தது சபைக்கு முன்னாடிதான் தீரணும்” என்றார் ஜாஸ்பர். “வாற ஞாயிறு ஆராதனையில எந்திச்சு நின்னு ஒரு அறிக்கை வாசிச்சா போதும். அது முடிஞ்ச ஒடனே ஓலை.”

அறிக்கையை அவரே எழுதி வைத்திருந்தார். வீட்டு ஜெபத்தின்போது ஜெபத்தையும் ஜெபித்த சகோதரியையும் தூஷணமான வார்த்தைகளால் இழிவுபடுத்திப் பேசினேன், அதற்காகக் கர்த்தரிடத்திலும் திருச்சபையாரிடத்திலும் மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டே வரி. ஜெயபாய் என்ன ஜெபித்தாள் என்று அதில் இல்லை. லிஜா என்ற பெயரும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசிக்காதே. வாசித்தால் ஜெபத்தில் சொன்னதை நீயே ஒத்துக்கொண்ட மாதிரி. வேறு சபையில் வைத்துக் கட்டி வைப்போம், இல்லையென்றால் ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டி வைப்போம். அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தால்தான் மண்டபம் பேசின தேதிக்குள் மூன்றும் முடியும். கோவிலை மாற்றினால் மார்த்தாண்டத்துக்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் செல்வியின் மனதில் இருந்தது.

மஸ்கட்டிலிருந்து ஞானதாசன் வீடியோவில் வந்தார். வெயிலில் கறுத்து இளைத்திருந்தார். “ரெண்டு வார்த்ததானே செல்வி. வாசிச்சிரு. பிள்ளைக்க கல்யாணம் நடக்கட்டு. நமக்கு அதுதான் முக்கியம்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மனிதர் பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு நாளுக்காகத்தான் அங்கே கிடக்கிறார்.

லிஜா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்து யூனிஃபார்முக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. போன் வைத்த பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, ஒனக்கு எங்கிட்ட எதாவது கேக்கணுமா?”

“ஒண்ணும் கேக்காண்டாம் மக்கா. சோறு வைக்கட்டா?”

“இல்ல, கேக்கணும்னா கேளு.”

“கேக்க என்ன இருக்கு? எல்லாம் சரியாவும்” என்று செல்வி அடுக்களைக்குப் போய்விட்டாள். லிஜா கொஞ்ச நேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் ஊசியை எடுத்தாள். அந்தப் பிள்ளை தன்னிடம் ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கவனமெல்லாம் ஜாஸ்பர்மேல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் முதல் ஓலை அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது வந்து பெண் வீட்டுச் சபையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மத்தியானம் பெண் வீட்டில் சாப்பிட்டுப் போவது வழக்கம். ஸ்டெனியின் மாமி வருவதாகச் சொல்லியிருந்தார்கள், அவனுடைய அப்பாவின் தங்கை. அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சனிக்கிழமை நான் செல்வியிடம், “அவுங்கள ரெண்டாவது ஓலைக்கு வரச் சொல்லு, ஏதாவது காரணம் சொல்லு” என்றேன். “வராண்டாம்னு சொன்னா என்னத்துக்குன்னு கேப்பாங்கல்லாக்கா?” என்றாள். ஞாயிறு காலையில் போதகரிடம் போய், அறிக்கையை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் செயலரைக் கேட்கச் சொன்னார். செயலர் முடியாது என்றார்.

மாமி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாலராமபுரம் சேலை, கையில் தடித்த பாட்டுப் புத்தகம். பக்கத்தில் லிஜா. காணிக்கைப் பாட்டு முடிந்ததும் ஜாஸ்பர் எழுந்து மைக் முன்னால் வந்தார்.

“சபை ஒழுங்கு சம்பந்தமாக ஒரு அறிவிப்பு. தூஷணம் பேசிய குற்றத்தினிமித்தம் சகோதரி ஞானசெல்வி அவர்கள் சபையார் முன்பாக அறிக்கை செய்வார்கள்.”

செல்வி நடந்து போனாள். காலில் செருப்பு இல்லை. தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். முதல் வரியில் குரல் எழும்பவில்லை, ஜாஸ்பர் மைக்கை அவள் வாய்க்கு நேராக இறக்கிவைத்தார். தூஷணமான வார்த்தைகளால் என்று அவள் சொன்னது வெளியே மதில்வரைக்கும் கேட்டிருக்கும். வாசித்து முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஜெயபாய் எழுந்து வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கட்டிப்பிடித்தாள். “நான் எப்பவோ மன்னிச்சாச்சு செல்வி. ஒனக்க மகளுக்காக இன்னும் தெனமும் ஜெபிக்கேன்” என்றாள். மைக் அணைக்கப்படவில்லை.

அடுத்தது ஓலை. ஞானதாசன், ஞானசெல்வி தம்பதியரின் குமாரத்தி லிஜாவுக்கும் மார்த்தாண்டம் ஸ்டெனிக்கும். தடை உண்டானால் தெரிவிக்கலாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமி பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கோழிக் குழம்பும் அவியலும் வைத்திருந்தோம். மாமி நல்லவர், மரியாதையாகச் சாப்பிட்டார், ருசியாக இருக்கிறது என்றார், எதைப் பற்றியும் கேட்கவில்லை. அவர் கார் ஏறிப் போன பிறகு செல்விக்கு உயிர் வந்தது. “முடிஞ்சுதுக்கா. இனி ரெண்டு ஓலைதான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதுவரை அந்த ஜெபத்தைக் கேட்டவர்கள் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் மட்டும். இப்போது முழுச் சபையும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தது, அப்படி என்னத்தைத்தான் செல்வி ஏசினாள், எதற்கு ஏசினாள் என்று. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்ல ஜெயபாய் கோவில் வாசலிலேயே நின்றாள். ஆராதனை முடிந்து செல்வி வீட்டுக்கு வரக் காரில் ஏறும் முன்பு மாமி அந்த வாசல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் போன் வந்தது. செல்வி கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். லிஜா அங்கேதான் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“செல்வி, நான் சுத்தி வளைக்கல்ல” என்றார் மாமி. குரலில் கோபம் இல்லை. “நீ ஏசுனதுக்கு மன்னிப்பு கேட்ட, அது நல்ல காரியம். ஆனா ஏசுனதுக்குக் காரணம் ஒண்ணு சொன்னாங்க. எனக்கு ஊராரு பேச்சு வேண்டாம். பெத்தவ நீ சொல்லு. அந்த ஜெபத்துல பிள்ளையப் பத்தி சொன்னது நெசமா, இல்லியா? நீ இல்லன்னு சொன்னா நான் இதோட விட்டுருவேன். ஸ்டெனிக்க அம்மைட்ட நான் பேசிக்கிடுவேன்.”

இப்படி ஒரு கேள்வி யாருக்குக் கிடைக்கும்? ஒரு வார்த்தை. இல்லை. அதைச் சொன்னால் போதும் என்று மாமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். செல்வி வாயைத் திறந்தாள். போனைப் பார்த்தாள். பிறகு லிஜாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எல்லாம் இருந்தது. கோவில் திருப்பத்தில் இறங்கி நடந்து வந்த மகளை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கேட்கப் பயந்து கேட்காமல் விட்டது எல்லாம் இருந்தது. மகள் அப்படியா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஜெயபாயை ஏசினாள், நாக்கு அழுகிப் போகும் என்றாள், சபைக்கு முன் நின்று மன்னிப்பும் கேட்டாள். இத்தனை பேச்சிலும் என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு தடவை அவள் சொல்லவே இல்லை. அது எனக்கே அப்போதுதான் புரிந்தது.

“செல்வி?” என்றார் மாமி.

லிஜா எழுந்து வந்தாள். பின்னல் பாதியில் நின்றிருந்தது. போனைக் கையில் எடுத்தாள்.

“மாமி, நான் லிஜா. நீங்க கேட்டதுக்கு இல்லன்னு சொல்ல எனக்க அம்மைக்கே வாய் வரல. பின்ன நீங்க என்னத்துக்கு நம்பணும்? ஸ்டெனிட்ட நானே பேசிருகேன். ஓலைய நிறுத்தச் சொல்லிருங்க.”

“மக்கா, அவசரப்படாத...” என்று மாமி ஆரம்பித்தார். லிஜா போனை அணைத்து மேசையில் வைத்தாள். பின்னலை முடித்து, முனையில் ரப்பர் வளையம் போட்டாள்.

நான் நடுவில் நின்றேன். ஜெயபாயை ஏசலாம், ஜாஸ்பரை ஏசலாம், இப்போதும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன். என் தங்கையை என்ன சொல்லி ஏசுவது?

அப்போதுதான் செல்விக்கு வாய் திறந்தது. தரையில் உட்கார்ந்து, மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்படி அழுதாள்.

“இல்ல! எனக்க மவ அப்பிடி இல்ல! சத்தியமா இல்ல! எனக்க பிள்ள அப்பிடிப்பட்டவ இல்ல!”

லிஜா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“இத இப்போ யாருட்டம்மா சொல்லுக?” என்று கேட்டாள்.